வெள்ளிக்கிழமையை உடைக்காமல் வாருங்கள்

சிற்றூர்க் கடைகளுக்கு லினக்ஸ் கொண்டுவரக் கிளம்பியிருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்



வத்தலக்குண்டில் டிடிபி கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஆண்டு மலர். எங்கள் தொழில் இவ்வளவுதான். நீங்கள் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, காசு கொடுத்து வாங்காத திருட்டு விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்கு வாருங்கள் என்று பேசியதை நின்று கேட்டேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனதையும், அதற்காக நன்றாக ஓடுகிற பெட்டியைக் குப்பையில் போட வேண்டியதில்லை என்பதையும் சொன்னீர்கள். நியாயமான பேச்சு. பிள்ளைகள் லீவு நாளில் இப்படி ஊர் சுற்றுவதே பெரிய விஷயம்.

ஆனால் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர், “மாத்தினா என் பழைய ஃபைலெல்லாம் வருமா?” என்று கேட்டபோது உங்களில் ஒருவர் பட்டென்று சொன்னார்: லினக்ஸில் பழைய மென்பொருள் உடையவே உடையாது, அது லினஸ் போட்ட சட்டம் என்று. அந்தச் சட்டம் இருப்பது உண்மை. அது எந்த எல்லை வரை செல்லும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதைப் பேசத்தான் இந்த மடல்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கணினியில் ஓடும் எந்த நிரலும் தானாக டிஸ்க்கைத் தொட முடியாது, நினைவகத்தை எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் கெர்னல் என்கிற அடிப்பகுதியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கெர்னலை எழுதுகிறவர்கள் உள்ளே எதை வேண்டுமானாலும் புரட்டிப் போடலாம். நேற்று வரை ஓடிய நிரல் அதனால் இன்று நின்றுபோனால், தவறு கெர்னலுடையது. நிரல் மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் அப்படித்தான். இதுதான் லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸின் சட்டம்.

2012 டிசம்பர் 23-ஆம் தேதி ஒரு சண்டை நடந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடியோ பகுதியில் யாரோ ஒரு பிழை எண்ணை மாற்ற, அதனால் பாட்டு, படம் ஓட்டும் நிரல்கள் சில தடுமாறின. அந்தப் பகுதியின் பொறுப்பாளர் பழியை நிரல்களின் பக்கம் தள்ளப் பார்த்தார். லினஸ் அவரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ஆட்களை இப்படித் திட்டித் தீர்க்கும் பழக்கத்துக்காக 2018-இல் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். சட்டத்தை மட்டும் தளர்த்தவில்லை.

கோபத்தைவிட எனக்குப் பிடித்தது 2014-இல் நடந்தது. அது எங்கள் தொழிலுக்கு நேராகப் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் 3.1 காலத்து நிரல்கள் 16 பிட் நிரல்கள். இவற்றை 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. அந்தக் கதவை மைக்ரோசாஃப்ட் சாத்திவிட்டது. லினக்ஸில் வைன் என்ற மென்பொருளைப் போட்டால் 64 பிட் கணினியிலும் அவை ஓடும். விண்டோஸ் நிரல் விண்டோஸில் ஓடாமல் லினக்ஸில் ஓடுகிறது என்பது நல்ல வேடிக்கை. ஆனால் இந்த வசதிக்குள் ஒரு ஓட்டை இருந்தது. கெர்னல் தன் வேலையை முடித்துக்கொண்டு 16 பிட் நிரலிடம் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, செயலியின் பழைய குறை ஒன்றால், கெர்னல் தனக்கென்று வைத்திருக்கும் நினைவக முகவரியில் ஒரு துண்டு வெளியே கசிந்தது. முகவரி கசிந்தால் திருடனுக்கு வழி தெரிந்த மாதிரி. பொறியாளர்கள் உடனே 64 பிட் கெர்னலில் 16 பிட்டையே தடை செய்தார்கள். பாதுகாப்புக் காரணம், யார் கேள்வி கேட்க முடியும்?

கேட்டார்கள். வைனில் பழைய நிரல்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து, எங்களுடையது நின்றுவிட்டது என்றார்கள். எத்தனை பேர்? உலகத்துக் கணினிகளை வைத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி. இத்தனை பேருக்காகப் பாதுகாப்பை விட முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எச். பீட்டர் ஆன்வின் என்ற பொறியாளர், கசியும் இடத்தில் மட்டும் கெர்னலின் உண்மையான முகவரிக்குப் பதிலாக ஒரு பொம்மை முகவரி தெரியும்படி வேலை செய்தார். செயலிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அடுக்குகளை உருவாக்கி, திரும்பும் வழியை அவற்றின் ஊடாகத் திருப்பிவிட்டார். சிக்கலான வேலை, அழகான வேலை என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். 2014 ஆகஸ்டில் வந்த 3.16 கெர்னலில் ஓட்டையும் அடைபட்டது, பழைய நிரலும் ஓடியது.

இன்னொன்று 2019 செப்டம்பரில். கணினி தொடங்கும்போது டிஸ்க்கைத் தட்டும் தடவைகளைக் குறைத்து ஒரு நல்ல திருத்தம் வந்தது. டிஸ்க் தட்டப்படும் ஒவ்வொரு தடவையும் கெர்னல் தன் தற்செயல் எண்களுக்கான சரக்கைச் சேர்த்துக்கொள்ளும். தட்டுவது குறைந்தது, சரக்கு சேரவில்லை. உள்நுழையும் திரை அந்த எண்ணுக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. திருத்தத்தில் ஒரு வரி பிழை கிடையாது. எண்ணைக் கேட்ட விதத்தில்தான் கோளாறு. ஆனாலும் 5.3 கெர்னல் வெளியாகும் நேரத்தில் லினஸ் அந்த நல்ல திருத்தத்தையே திரும்ப எடுத்துவிட்டார். பிறகு கெர்னல் தானே சரக்குச் சேர்த்துக்கொள்ள வழி செய்துவிட்டு, அடுத்த பதிப்பில் திருத்தத்தை மறுபடி உள்ளே விட்டார்கள்.

எல்லாப் பழசையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்றும் இல்லை. லினஸ் 1991-இல் லினக்ஸை எழுத ஆரம்பித்ததே 386 செயலி உள்ள கணினியில்தான். அந்த 386-க்கான ஆதரவை 2012 கடைசியில் எடுத்துவிட்டார்கள். அவரும் கண்ணீர் வடிக்கவில்லை. ஓட்ட ஆளில்லாததை எடுக்கலாம். ஒரு ஆள் இருந்தாலும், எடுக்கிறவன்தான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இது வரைக்கும் உங்கள் கட்சிதான் நானும். இனி எல்லைக்கு வருவோம்.

இந்தச் சட்டம் கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவே உள்ள ஒரே ஒரு கோட்டுக்குத்தான். கோட்டுக்கு உள்ளே, டிரைவர்கள் இருக்கும் பக்கத்தில், அப்படி ஒரு வாக்குறுதி கிடையவே கிடையாது. உள் இணைப்புகள் நிலையாக இருக்காது, இருக்கவும் கூடாது என்று கெர்னல் பொறியாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதியே வைத்திருக்கிறார். கெர்னலோடு சேர்ந்த டிரைவர் என்றால், இணைப்பை மாற்றுகிறவரே அதையும் திருத்திக் கொடுத்துவிடுவார். வெளியே தனியாக இருக்கும் டிரைவருக்கு நாதியில்லை. கோட்டுக்கு மேலே போனால், கெர்னல் காப்பாற்றியதை மேலே இருப்பவர்கள் கைவிடலாம். 2019 ஜூனில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தருகிறவர்கள் 32 பிட் தொகுப்புகளை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். 32 பிட் நிரலைக் கெர்னல் அப்போதும் ஓட்டும், இப்போதும் ஓட்டும். ஆனால் துணை நூலகங்கள் இல்லாமல் நிரல் எங்கே ஓட? ஸ்டீம் விளையாட்டுக்காரர்களும் வைன்காரர்களும் சத்தம் போட்ட பிறகே முடிவை மாற்றிக்கொண்டார்கள். பிரிண்டர் வேலையைப் பார்க்கும் கப்ஸும் பழைய டிரைவர் முறையை விட்டுவிடப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறது. டிடிபி கடையில் பிரிண்டர் எத்தனை வருஷம் உழைக்கும் என்று நீங்களே வந்து பாருங்கள்.

என் கடை மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பெட்டி ஒன்று இருக்கிறது. நீங்கள் வந்தபோது சிரித்தீர்களே, அதுதான். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். நெட் ஒயரைப் பிடுங்கித்தான் வைத்திருக்கிறேன். அதன் முதுகில் பழைய பிரிண்டர் போர்ட்டில் ஒரு டாங்கிள் செருகியிருக்கிறது. அது இருந்தால்தான் காசு கொடுத்து வாங்கிய தமிழ் ஃபாண்டு மென்பொருள் திறக்கும். டாங்கிளின் டிரைவர் 32 பிட்டுக்கு எழுதியது. விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டால், புதுசு வாங்கிக்கோங்க சார் என்பதோடு பேச்சு முடிந்தது. இதை லினக்ஸ் சரி செய்யுமா என்று கேட்டால் செய்யாது. டாங்கிள் டிரைவர் அந்தக் கோட்டுக்கு உள்ளே சேர்ந்த சங்கதி. நீங்கள் வாக்குக் கொடுத்தது கோட்டுக்கு வெளியே.

சரி, டாங்கிள் ஒழியட்டும். ஃபைல்களுக்கு வருவோம். அங்கேதான் உண்மையான சேதம்.

நாங்கள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளுக்குக் கடைசிவரை யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீடு தெரியாது. அதனால் தமிழ் டிடிபி பல வருஷம் பாமினி மாதிரி ஃபாண்டுகளில்தான் நடந்தது, பல கடைகளில் இன்னும் நடக்கிறது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். ‘அம்மா’ என்று அடித்த ஃபைலைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கிலச் சிறிய எழுத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். கணினியைப் பொறுத்தவரை அந்த ஃபைலில் தமிழே கிடையாது.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய்யை அடிப்போம். ‘ள’ எழுத்துக்கும் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ஒரே சாவி. ஆகவே கொம்பு, வ, ள என்று வரிசையாக வந்தால் அது ‘வெள’வா, ‘வௌ’வா என்று சொல் தெரிந்தவனுக்குத்தான் புரியும். சொல் தெரியாத மாற்றி துணிந்து ‘வௌ’ என்று போடும். ‘வெளியீடு’ கொடுத்தால் ‘வௌியீடு’ வரும். ‘வெள்ளிக்கிழமை’ கொடுத்தால் ‘வௌ்ளிக்கிழமை’. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் வெள்ளிக்கிழமை விழுந்தால் என்ன நடக்கும்? பெண்ணின் தாத்தா பெயர் வெள்ளைச்சாமி என்றால்? அச்சடித்த ஆயிரம் பத்திரிகையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தப் பிழை இணையத்தில் பழைய நூல்களை மாற்றிப் போட்ட பக்கங்களில் இன்றைக்கும் பல்லிளிக்கிறது. தமிழில் ‘வௌவால்’, ‘வௌவு’ போல ‘வௌ’ வரும் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றை ஒரு பட்டியலில் போட்டு, மற்றதையெல்லாம் ‘வெள’ என்று வைத்துக்கொள் என்று சொன்னாலே முக்கால்வாசி தீரும்.

தமிழ்க் கணினி வரலாற்றை ஒரு தடவை இந்தக் கண்ணால் பாருங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதன் பேரில் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் கையில் டிஸ்கி என்ற குறியீடு. அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வானவில். அச்சகங்களில் பாமினி, இன்னும் என்னென்னவோ. 2010-இல் யூனிகோடுதான் இனித் தரம், அது ஒத்துவராத இடத்துக்கு டேஸ்16 என்று அரசாணை வந்தது. அறிவித்தவர்கள் எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் அறிவித்தார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தைய ஃபைல்களைக் கரைசேர்க்கும் வேலை யார் தலையில் விழுந்தது? டைப் அடிக்கிறவன் தலையில். மாற்றுகிறவன் சுமக்க வேண்டும் என்ற லினஸின் சட்டம் இங்கே தலைகீழாக நடந்தது.

டேஸ்16 விவகாரத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். யூனிகோடின் மேல் டேஸ்16 கேட்டவர்கள் சொன்ன குறைகள் உண்மையானவை. தமிழுக்கான இடம் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டை ஒட்டி, தேவநாகரி அடுக்குப்படி அமைக்கப்பட்டது. அதனால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்குப் பிறகு ள, ழ என்று உட்கார்ந்திருக்கின்றன. நம் நெடுங்கணக்கு அப்படியா போகிறது? ‘கி’ ஒரு எழுத்துதான் என்று நமக்குத் தெரியும். யூனிகோடில் அது இரண்டு இடம் பிடிக்கும். எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுங்கள் என்று கேட்டது பேராசை இல்லை. ஆனால் அதற்குள் உலகம் முழுக்கத் தமிழர்கள் யூனிகோடில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கொரிய எழுத்துகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 1996-இல் இரண்டாம் பதிப்பில் இடம் மாற்றி, பழைய கொரிய ஃபைல்களைப் பாழாக்கிய அனுபவம் யூனிகோடுகாரர்களுக்கு இருந்தது. அதற்குப் பிறகு, ஒரு தடவை வைத்த எழுத்தை நகர்த்தவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம் என்று கட்டிக்கொண்டார்கள். நம்மவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். அகர வரிசை கோணலாக இருந்தால், வரிசைப்படுத்தும் நிரல் அதைத் தனி அட்டவணை வைத்துச் சரி செய்துகொள்ளும். இன்றைக்கு அப்படித்தான் செய்கிறது. கோட்டைத் தொடாமல் உள்ளே வேலை செய்வது ஆன்வின் செய்த அதே வேலை. அன்றைக்கு நகர்த்தியிருந்தால், 2005-இல் ஒருவர் எழுதிய வலைப்பதிவு இன்று என் பாமினி ஃபைல் மாதிரி எம், கே, அரைப்புள்ளி கணக்காகக் கிடக்கும்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. இது பத்திரிகை நடத்தியவர்களின் ஊர். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர் இங்கே பிறந்தவர், ‘பிரபுத்த பாரதா’ ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். ‘ஞானபானு’ நடத்திய சுப்பிரமணிய சிவா இந்த ஊர்க்காரர். ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையாவும் அப்படியே. ‘எழுத்து’ சி.சு. செல்லப்பா வளர்ந்தது இங்கே. 1959 ஜனவரியில் கை அச்சுக் கோத்து வந்த ‘எழுத்து’ முதல் இதழ் எங்காவது ஒரு பீரோவில் கிடைத்தால், பழுப்பேறியிருந்தாலும் படித்துவிடலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பேஜ்மேக்கரில் அடித்த விழா மலர்கள் சிடியில் பத்திரமாக இருக்கின்றன. திறந்தால் சாமி பெயரைக்கூடப் படிக்க முடிவதில்லை. அந்த மலர்களில்தான் ஊரின் தேர், மண்டகப்படி, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் இருக்கிறது. அச்சுப் பிரதியைத் தேடித்தான் ஸ்கேன் போட வேண்டும்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். எல்லாக் கடையையும் ஒரே நாளில் மாற்றும் உற்சாகம் வேண்டாம். முதலில் எங்கள் ஃபைல்களில் ஒரு கட்டை எடுத்துப் போங்கள், ஆள் பெயர் இல்லாத நோட்டீஸாகப் பொறுக்கித் தருகிறேன். மாற்றியில் போட்டு, வந்ததையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். பிழை வந்தால் ஃபைல்மேல் பழி போடாமல் மாற்றியைத் திருத்துங்கள். திருத்திய பிறகு பழைய சோதனைகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள்; ‘வெள்ளி’யைக் காப்பாற்றப் போய் ‘வௌவால்’ செத்துவிடக் கூடாது. கட்டற்ற மென்பொருள் என்பதால் அந்தத் திருத்தம் எல்லா ஊர்க் கடைக்கும் போய்ச் சேரும், அதுவே உங்கள் பக்கத்தின் பெரிய பலம். விற்றவரைக் கெஞ்சிக்கொண்டிருக்கும் எனக்கு அது கிடைக்காத பாக்கியம்.

எக்ஸ்பியை அப்படியே ஒரு மெய்நிகர் பெட்டிக்குள் வைத்து லினக்ஸுக்குள் ஓட்டலாம் என்று உங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி சொன்னது நல்ல யோசனை. யூஎஸ்பி டாங்கிள் என்றால் உள்ளே அனுப்பிவிடலாம். என்னுடையது பழைய போர்ட்டில் இருக்கிறதே, அது போகுமா என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பேஜ்மேக்கர் வைனில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, பிரிண்ட் கொடுத்தால் மார்ஜின் நகர்கிறதா என்பதையும் என் கடையிலேயே, என் பிரிண்டரிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். ஓடாததை ஓடாது என்று எழுதிக் கொடுங்கள். மறைத்து மாற்றினால் அடுத்த மாதம் கடைக்காரனே பழைய சிடியைப் போட்டு விண்டோஸை ஏற்றிக்கொள்வான். அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் 2011-இலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது. சென்னை சிடாக்கில் செய்த சரக்கு. என் கடைக்கு வேலை பழக வந்த பிள்ளைகள் லினக்ஸ் பக்கமே போனதில்லை. அவர்கள் கையில் இருந்த ஃபைல்கள் எல்லாம் விண்டோஸ் பக்கத்தில்தான் திறந்தன, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வரும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. வைகாசி, ஆவணி முகூர்த்தக் காலத்தில் வந்தால் டீ வாங்கித் தரக்கூட எனக்கு நேரம் இருக்காது. தை மாசமும் அப்படித்தான். ஆடியில் வாருங்கள். கூழ் ஊற்றும் நோட்டீஸ் நாலு வரும், மற்றபடி கடை காலியாகத்தான் இருக்கும். பெட்டியைக் கழற்றிப் போட்டு உட்காரலாம். பாமினி ஃபாண்டையும் ஒரு பென் டிரைவில் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
வத்தலக்குண்டு டிடிபிக்காரன்